அலைச்சறுக்குப் பலகையை அறுகம்குடாவுக்குக் குறைந்த செலவில் கொண்டுவருவது எப்படி?

மூன்று கிலோ எடையுள்ள ஒரு பொருளை ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு அனுப்ப 35 கிலோவுக்கான காசைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அலைச்சறுக்குப் பலகை அனுப்ப முயன்ற பலரும் முதலில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

ஊருக்கு வந்து, அறுகம்குடாவில் இரண்டு நாள் நின்று, கடலில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் புலம்பெயர் உறவுகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அங்கே கராஜில் ஒரு பலகை சும்மா கிடக்கிறது. எப்படி அனுப்புவது?" நல்ல கேள்வி. பொத்துவில், உல்லை, பாணமைப் பகுதிகளில் வெளிநாட்டவருக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் இளைஞருக்குப் பலகை என்பது மீனவருக்கு வலை மாதிரி. வாடகைப் பலகையில் பாடம் நடத்தினால் கூலியில் ஒரு பங்கு கடைக்குப் போய்விடும். 2018இல் தொடங்கிய அறுகம்குடா பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்துக்குப் பிறகு, பலகை தேடும் பெண் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள்.

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வரும் கணக்கு உண்மையான எடையைவிடக் கூடினால் அதற்குத்தான் கட்டணம். ஆறு அடிப் பலகையைப் பாதுகாப்பாகப் பொதி செய்தால் ஏறத்தாழ 195 × 60 × 15 சென்ரிமீற்றர் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 35 கிலோ. விமானச் சரக்கில் வழக்கமாக 6000ஆல் வகுப்பதால் 29 கிலோவாகக் குறையும். ஒன்பது அடிப் பலகை என்றால் கூரியரில் 65 கிலோவைத் தாண்டும். போதாததற்கு அளவு மீறிய நீளத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

தபாலை மறந்துவிடுங்கள். சர்வதேசத் தபால் பொதியில் நீளத்தையும் சுற்றளவையும் கூட்டினால் 3 மீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பது பொது விதி. மேலே சொன்ன ஆறு அடிப் பொதியே 3.45 மீற்றர்.

ஆகவே மலிவான கூரியரைத் தேடி அலைவதில் பயனில்லை. வேறு யாரோ ஏற்கெனவே காசு கட்டிய இடத்துக்குள் பலகையை நுழைப்பதே வழி. முதல் தெரிவு, ஊருக்கு வரும் பயணி ஒருவர். பல விமான நிறுவனங்கள் பலகையை விளையாட்டுப் பொருளாக ஏற்கின்றன. சிலவற்றில் அது பயணப்பொதி எடைக்குள் அடங்கும், சிலவற்றில் தனிக் கட்டணம். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே மூன்று விடயங்களைக் கேளுங்கள்: நீள வரம்பு என்ன, ஒரு பைக்குள் எத்தனை பலகை வைக்கலாம், இடைமாறும் விமானத்திலும் அதே விதியா. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, கப்பல். லண்டன், பாரிஸ், ரொறன்ரோவிலிருந்து எங்கள் ஆட்கள் உடுப்பும் பாத்திரமும் போட்டு அனுப்பும் பெட்டிகளை எல்லோரும் அறிவோம். கப்பலில் கணக்கு கனமீற்றருக்கு. ஆறு அடிப் பலகைப் பொதி 0.18 கனமீற்றர்தான். ஆனால் தனியே அனுப்பினால் பல முகவர்கள் குறைந்தபட்சம் ஒரு கனமீற்றருக்குக் கட்டணம் எடுப்பார்கள், கொழும்பில் இறக்கும் செலவும் சேரும். எனவே யாராவது வீட்டுப் பெட்டி அனுப்பும்போது அதே பத்திரத்தில் பலகையையும் சேர்ப்பதே புத்தி. மூன்று பலகைகளை மாற்றி மாற்றி அடுக்கி ஒரே பைக்குள் கட்டினால் கனம் மூன்று மடங்காகாது, இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் வரும்.

சுங்கத்தில் கவனம் தேவை. ஊருக்கு வரும் ஒருவர் தன் பெயரில், தன்னோடு வராத பயணப்பொதியாக அனுப்பியதைக் கடவுச்சீட்டுடன் நேரில் போய் எடுப்பது ஒரு வழி. உள்ளூரில் இருக்கும் வேறொருவர் பெயருக்கு அனுப்பினால் அது சாதாரண இறக்குமதியாகக் கணக்கிடப்பட்டு வரி வரலாம். பழைய பலகை என்பதால் வரி இல்லை என்று நினைக்கவேண்டாம். பலகைக்கான சுங்கக் குறியீடு 9506.29 என்ற தலைப்பின் கீழ் வரும். முகவரிடம் அந்த எண்ணைச் சொல்லியே விசாரியுங்கள், பதில் தெளிவாகக் கிடைக்கும்.

கட்டுநாயக்கவில் இறங்கியபின் இன்னும் 300 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. வாடகை வாகனத்தில் ஆள் வந்தால் பலகை கூரையில் வரும், மேலதிகச் செலவில்லை. புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடும், அங்கிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றர் அளவில் வீதிப் பயணம். எனக்குப் பிடித்த வழி மீன் லொறி. கிழக்கிலிருந்து பேலியகொட சந்தைக்கு மீன் ஏற்றிப்போகும் லொறிகள் திரும்பும்போது வெறும் பெட்டிகளோடுதான் வரும். சாரதியோடு பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ளலாம். மணத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் கடலுக்குப் போகும் பொருள்தானே.

போர்க்காலத்தில் இந்த வீதியில் போய்வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீளமாகச் சுற்றிக் கட்டிய பொதி எதுவும் சாவடியில் கேள்வியில்லாமல் கடந்ததில்லை. 2024 ஒக்ரோபரில் அறுகம்குடா பற்றிய பாதுகாப்பு எச்சரிக்கை வந்தபோது பொலிஸ் சோதனையும் திரும்ப வந்தது. அதனால் பொதி முழுக்க ஒட்டுநாடா சுற்றாதீர்கள். சிப் வைத்த பையில் போட்டுப் பட்டியால் கட்டுங்கள், இரண்டு நிமிடத்தில் திறந்து காட்டி மூடலாம்.

பொதி செய்யும்போது அடியிலுள்ள துடுப்புகளைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். மெழுகைச் சுரண்டி எடுங்கள், வெயிலில் உருகிப் பையெல்லாம் ஒட்டும். முனை, வால், இரு ஓரங்கள்: உடைவது இந்த இடங்கள்தான். பழைய மெத்தைப் பஞ்சும் தடித்த காட்போர்ட்டும் போதும். பூட்டிய வாகனத்துக்குள் மதிய வெயிலில் விடாதீர்கள், மேல்தோல் உள்நுரையிலிருந்து கழன்று கொப்பளிக்கும்.

வழியில் அடிபட்டால் பைபர் படகு திருத்தும் ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் பலகையின் உள்நுரை ரெஜிபோம் வகையா என்று முதலில் அறியவேண்டும். படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் பிசின் அந்த நுரையைக் கரைத்துவிடும். அதற்கு எபொக்சி வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மொத்தச் செலவு பலகையின் விலையை நெருங்கினால், அனுப்பவேண்டாம், காசை அனுப்புங்கள். கிழக்கில் அலைப் பருவம் ஏப்ரல் தொடக்கம் ஒக்ரோபர் வரை. ஒக்ரோபர் கடைசியில் பயணிகளும் வாடகைக் கடைகளும் பழைய பலகைகளை விற்றுத் தள்ளும் காலம், விலை பேசலாம். வாங்கமுன் பலகையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் பரவாயில்லை. அழுத்தினால் பதியும் இடமோ, வெடிப்பிலிருந்து நீர் கசிவதோ தெரிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.