220, 5, 1: சவுண்ட் கார்டுக்கு இடம் கிடைத்த கதை

இன்னைக்கு சவுண்ட் கார்டு பற்றிப் பேசலாம். இப்போ அதைத் தனியா வாங்கி மாட்டுறவங்க ரொம்பக் குறைவு. ஆனா 90-களில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த யாரிடமாவது "220, 5, 1" என்று சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க, இல்லைன்னா திட்டுவாங்க.

1996. மதுரையில் என் மாமா டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 486 கம்ப்யூட்டர். பேங்க் லோனில் வாங்கியது. அவர் பேப்பர் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் அதைத் திறந்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு ஒன்றைச் செருகினேன். ஊர் பேர் தெரியாத கார்டு. "சவுண்ட் பிளாஸ்டர் கம்பாட்டிபிள்" என்று மட்டும் போட்டிருந்தது. டூம் கேமை ஓட்டினேன். கதவு திறக்கும் சத்தம் வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதே துண்டுச் சத்தம், திரும்பத் திரும்ப. சரியா அந்த நேரத்தில் மாமா உள்ளே வந்தார். "மாப்ளே, இது போச்சுன்னா நம்ம சோறு போச்சுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாயங்காலம் ஒரு பத்திரிகை ஆர்டர் கொடுக்க வேண்டியிருந்தது.

என்ன நடந்தது? அதற்கு 1981-க்குப் போகணும். ஐபிஎம் அந்த வருஷம் பிசியை வெளியிட்டபோது அதை ஒரு ஆபீஸ் மெஷினாகத்தான் நினைத்தது. சத்தத்துக்கு உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், 'பீப்' போடுவதற்கு. கீபோர்டு, பிளாப்பி, பிரின்டர் மாதிரியானவை எல்லாம் பிராசஸரின் கவனத்தைக் கூப்பிட ஆளுக்கொரு கம்பி உண்டு. ஐஆர்க்யூ என்று பேர். தோளைத் தட்டி "என்னைக் கவனி" என்று சொல்கிற மாதிரி. 0 முதல் 7 வரை மொத்தம் எட்டே கம்பி. 7 பிரின்டருக்கு. ஹார்ட் டிஸ்க் வந்ததும் அது 5-ஐ எடுத்துக்கொண்டது. சவுண்டுக்கு என்று யாரும் இடமே ஒதுக்கவில்லை.

அந்த வீட்டுக்குள் முதலில் நல்லா பாடியது கனடாவின் க்யூபெக் நகரத்திலிருந்து வந்த ஆட்லிப் கார்டு. மார்ட்டின் ப்ரெவெல் என்ற இசைப் பேராசிரியர் தொடங்கிய கம்பெனி, 1987-ல் கொண்டுவந்தது. யமஹாவின் ஒய்எம்3812 சிப், ஒரே நேரத்தில் 9 குரல். 1988-ல் கிங்ஸ் க்வெஸ்ட் 4 கேம் இதற்கு இசை போட்டது. ஆனா ஆட்லிப் இசைக்கும், பேசாது. பதிவு செய்த குரலை ஓட்டும் வசதி அதில் இல்லை.

சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் நண்பரோடு 1981-ல் ஆரம்பித்த கம்பெனி கிரியேட்டிவ். 12 குரலோடு அவர்கள் விட்ட கேம் பிளாஸ்டர் ஆட்லிப்பை அசைக்க முடியவில்லை. அதனால் 1989-ல் அவர்கள் செய்ததைத்தான் நான் புத்திசாலித்தனம் என்பேன். யமஹாவின் அந்தச் சிப்பைக் கடையில் யாரும் வாங்கலாம். அதையே வாங்கி வைத்து, கூடவே 8-பிட் குரல் வசதியும், ஜாய்ஸ்டிக் செருக ஒரு போர்ட்டும் சேர்த்து, சவுண்ட் பிளாஸ்டர் என்று விற்றார்கள். ஆட்லிப்புக்கு எழுதிய கேம் எல்லாம் இதிலும் ஓடியது. 1992-ல் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறியது. அதே வருஷம் ஆட்லிப் திவால்.

அதற்குப் பிறகு கேம் எழுதுறவங்க சவுண்ட் பிளாஸ்டரையே மனசில் வைத்து எழுதினார்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. போட்டிக் கம்பெனிகளும் இந்த மூன்று எண்ணுக்குள்ளேயே உட்கார வேண்டியதாயிற்று. ஆனா பழைய கார்டுகள் தொழிற்சாலையிலிருந்து 7-ல் வந்தன. 7-ல் ஏற்கெனவே பிரின்டர் இருக்கே!

என் கார்டிலும் அதுதான். சவுண்ட் கார்டு ஒரு துண்டை வாசித்து முடித்ததும் தோளைத் தட்டணும். அப்போதான் அடுத்த துண்டு வரும். தட்டல் போய்ச் சேரவில்லை. அதனால் கையில் இருந்த துண்டையே அது வாசித்துக்கொண்டிருந்தது. 1984-ல் வந்த ஏடி மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் 14-க்குப் போய்விட்டதால் 5 பெரும்பாலும் காலிதான். இதெல்லாம் அன்னைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்த அண்ணன் ஒருத்தர் வந்து, கார்டில் இருந்த குட்டி ஜம்பரைக் கழற்றி 7-லிருந்து 5-க்கு மாற்றினார். பிறகு ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் ஒரு வரி. பத்து நிமிஷ வேலை.

விண்டோஸ் 95-ன் பிளக் அண்ட் ப்ளே இந்த எண் விளையாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவைத்தது. 1997-ல் இன்டெல் கொண்டுவந்த ஏசி'97 தர வரையறை, சவுண்டை மதர்போர்டிலேயே மலிவாக உட்கார வைத்தது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

ஜம்பர் மாற்றியதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "பிரின்ட் வருதா பாரு." வந்தது. பத்திரிகை போய்ச் சேர்ந்தது. கடை அடைக்கிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "சரி, அந்தக் கதவுச் சத்தத்தை ஒருக்கா போடு" என்றார்.