கொல்கத்தாவில் சுமைதூக்கும் பயிற்சி

தொழிற்சாலை, துறைமுகம், கட்டடப்பணி ஆகிய இடங்களில் சரக்கை உடலுக்கு ஊறின்றித் தூக்கவும் சுமக்கவும் இறக்கவும் தொழிலாளர்க்குக் கற்பிப்பதே சுமைதூக்கும் பயிற்சி. கொல்கத்தாவில் தொழிற்பாதுகாப்புப் பயிற்சியை நடத்தும் அரசு அமைப்புகளுள் ஒன்று லேக் டவுனில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையம். இதை ஒத்தது சென்னையிலும் உண்டு.

பாடம் எளியது. மூட்டையை முதலில் லேசாக அசைத்து எடை அறிய வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டி எழ வேண்டும். திரும்புகையில் இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்த வேண்டும். இருவர் தூக்கினால் ஒருவரே குரல் கொடுக்க வேண்டும்.

படாபஜார், போஸ்தா, சியால்தாவின் கோலே மார்க்கெட் ஆகிய சந்தைகளின் சுமையாட்கள் இந்த வகுப்பறைகளுக்கு வெளியே நிற்பவர்கள். 'முட்டே' எனப்படும் இவர்கள் சும்மாடு வைப்பதையும், தலைக்கு ஏற்றிவிட ஆள் கூப்பிடுவதையும் மூத்தவர்களைப் பார்த்தே பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் அறிவு இல்லாமலில்லை. தத்தா, ராமநாதன் இருவரும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, 30 கிலோ சுமையை ஏழு விதமாகச் சுமக்க வைத்து உடல் செலவிடும் ஆற்றலை அளந்தது. முன்னும் பின்னும் பாதிப்பாதியாகக் கட்டிச் சுமப்பது சிக்கனமானது, அடுத்தது தலைச்சுமை. கையில் தொங்கவிட்டுச் சுமப்பதே மிக மோசம். ஆற்றல் மிச்சமானாலும் கழுத்தெலும்பின் மீது இறங்கும் பாரம் குறையாது என்பது வேறு கதை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய எடையைத் தூக்கவைப்பதைத் தடுத்தது. 1998ஆம் ஆண்டின் மத்தியக் கட்டடத் தொழிலாளர் விதிகள், ஒருவர் தனியே தூக்க ஆணுக்கு 55, பெண்ணுக்கு 30 கிலோ என வரம்பு கட்டின. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையாஷ் 1991இல் திருத்திய சுமைதூக்கல் கணக்கிலோ, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான் உச்சம். ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ.

பயிற்சியின் பலவீனம் இங்கேதான்: அது சுமையின் எடையைக் குறைப்பதில்லை. தூக்கும் முறையைக் கற்பிப்பது முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கட்டுரை 2008இல் கூறியது. மூட்டையைச் சிறிதாக்குவது, தள்ளுவண்டி தருவது, சரக்கை இடுப்புயரத்தில் அடுக்குவது ஆகியவற்றுக்குப் பிறகே பாடத்துக்கு வேலை. துறைமுகங்களில் கன்டெய்னரும் கிரேனும் முதுகிலிருந்து இறக்கிய பாரம், எந்த வகுப்பும் இறக்காதது.

ஹவுரா நிலையம் உட்பட நாடெங்குமுள்ள ரயில்வே போர்ட்டர்களுக்கு 2016 ரயில்வே பட்ஜெட் 'சகாயக்' என்று புதுப்பெயர் சூட்டிப் பயிற்சியும் அறிவித்தது. அது பயணிகளிடம் இனிமையாகப் பழகும் பயிற்சி.