ஐந்நூறு மார்க் நோட்டில் இருந்த பெண்

எங்களில் பலர் அந்தப் பெண்ணின் முகத்தைக் கையில் வைத்திருந்திருக்கிறோம். பார்த்தவர்கள் குறைவு. ஜேர்மன் ஐந்நூறு மார்க் நோட்டு எங்கள் வீடுகளுக்கு அடிக்கடி வருகிற விருந்தாளி அல்ல. சீட்டு எடுத்த மாதம் வரும். தம்பியையோ மச்சாளையோ கூப்பிட ஏஜென்சிக்குக் காசு சேர்க்கிற இரவில் வரும். வந்த வேகத்திலேயே உண்டியல்காரரின் கைக்குப் போய்விடும்.

1994இல் அப்படி ஓர் இரவு எங்கள் குசினி மேசையில் காசு எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு நோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயது அறுபத்திரண்டு.

"இஞ்ச பார் பிள்ளை, காசில மசுக்குட்டி!"

உண்மைதான். நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் பூச்செடி, அதில் மயிர் சிலிர்த்த ஒரு புழு, பக்கத்தில் ஒரு பூச்சி. முன்பக்கத்தில் தொப்பி அணிந்த ஒரு பெண்.

"இந்த மனிசி ஆர்? ராணியோ?"

எனக்கும் தெரியாது. எட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இவர்களுடைய கந்தோர்களைத் துடைக்கிறேன், பிள்ளைகளை இவர்களுடைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன், ஆனால் இவர்களுடைய காசில் இருப்பவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த கிழமை நூலகத்தில் கேட்டேன். அன்று தொடங்கிய வாசிப்பு, விட்டு விட்டு, இன்றுவரை போகிறது.

அவர் ராணி அல்ல. பெயர் மரியா சிபில்லா மேரியான். பூச்சி கீறினவர். 1992இல் வெளிவந்த அந்த நோட்டு, 2002இல் யூரோ வந்ததோடு புழக்கத்தில் இல்லாமற் போயிற்று. அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பூச்சி அல்ல. வயது. ஐம்பத்திரண்டாவது வயதில், பதினேழாம் நூற்றாண்டில், அவர் ஒரு மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவுக்குப் போனார். எந்த அரசரும் அனுப்பவில்லை, எந்தத் திருச்சபையும் அனுப்பவில்லை. கணவரோடும் போகவில்லை.

1647 ஏப்ரலில் பிராங்க்பேர்ட்டில் பிறந்தவர். தகப்பன் பெயர்பெற்ற செதுக்கோவியர், பதிப்பாளர்; மகளுக்கு மூன்று வயதாக இருக்கையில் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்த யாக்கோப் மாரெல் பூக்களை வரைகிற ஓவியர். சிறிய தகப்பனின் பட்டறையில்தான் இவர் தூரிகை பிடிக்கப் பழகினார். பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களிற் பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 

பதினெட்டில் ஓவியர் கிராஃப் என்பவரை மணந்து நூரென்பேர்க்குக்குப் போனார். இரண்டு பெண் பிள்ளைகள். பணக்கார வீட்டுப் பெட்டைகளுக்கு வரையவும் பூத்தையல் போடவும் சொல்லிக்கொடுத்தார். 1679இல் கம்பளிப்புழுக்கள் பற்றிய முதல் நூல் வந்தது. இலத்தீனில் அல்ல, ஜேர்மன் மொழியில். முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாவற்றையும் அது தின்னுகிற செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வைத்தார். இன்று இது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்று மற்றவர்கள் செத்த பூச்சியை ஊசியில் குத்தி வரிசையாக அடுக்கி வரைந்துகொண்டிருந்தார்கள். எந்தப் புழு எந்த இலையில் வாழும் என்பது முருங்கையடியில் பந்தம் பிடித்து மசுக்குட்டி கொளுத்திய எந்த ஆச்சிக்கும் தெரியும். ஆனால் அதைக் கல்வியாக எவரும் மதிக்கவில்லை. மேரியான் மதித்தார் என்பதுதான் வித்தியாசம்.

1685ஐ ஒட்டி அவர் செய்தது இதைவிடத் துணிவான காரியம். கணவரை விட்டு, கிழத்தாயையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒல்லாந்தின் வடக்கே பிறீஸ்லாந்தில் வீயுவேர்ட் என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே லபாடியர் என்ற ஒரு சமயக் கூட்டத்தினர் ஒரு கோட்டை வீட்டில் சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர். கணவர் அழைத்துப்போக வந்தார். இவர் போகவில்லை. அவர் பிறகு விவாகரத்து வாங்கி மறுமணம் செய்தார். அம்ஸ்ரர்டாமுக்கு வந்தபின் இவர் தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டதுண்டு, கணவர் உயிரோடு இருக்கும்போதே. இதைப் பொய் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியே இருக்கிற ஒரு பெண் வீடு வாடகைக்குக் கேட்டுப்போனால் என்ன கேள்விகள் வரும் என்பது தெரிந்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

அந்தக் கோட்டை வீட்டில்தான் சுரினாமிலிருந்து வந்த பூச்சிகளை அவர் பார்த்தார். லபாடியருக்கு அங்கே ஒரு தோட்டம் இருந்தது. 1690இல் தாய் இறக்க, அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு அம்ஸ்ரர்டாமுக்கு வந்தார். அன்றைய அம்ஸ்ரர்டாம் எங்களுக்கு அந்நியமான இடமல்ல. யாழ்ப்பாணக் கோட்டையில் அப்போது பறந்தது அவர்களுடைய கொடி. 1658இலிருந்து அங்கே இருந்தார்கள். எங்கள் கரையிலிருந்தும் மற்றக் கரைகளிலிருந்தும் போன சங்கு, சிப்பி, விலங்கு, பூச்சி எல்லாம் அந்த நகரத்துப் பெரிய மனிதர்களின் அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருந்தன. மேரியான் அவற்றைப் போய்ப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை. இந்தப் பூச்சி எதிலிருந்து வந்தது, எதைத் தின்றது என்பதை அலுமாரி சொல்லாது. போய்ப் பார்க்கவேண்டும்.

தன் ஓவியங்களையும் சேகரிப்பையும் விற்றார். உயில் எழுதி வைத்தார். 1699 ஜூனில் இளைய மகள் டொரோதேயாவோடு கப்பலேறினார். எங்கள் சமூகத்தில் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கிற அட்டவணை எல்லோருக்கும் தெரியும்: கோயில், விரதம், பேரப்பிள்ளை. வெளிநாட்டுக்கு வந்தால் அதில் கோயிலும் குறைந்து பேரப்பிள்ளை மட்டும் மிஞ்சும். அன்றைய அம்ஸ்ரர்டாமிலும் இது பெரிதாக வேறுபட்டிருக்காது.

சுரினாம் என்றால் அப்போது கரும்பு. 1667இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையில் நியூயோர்க்கை விட்டுக்கொடுத்து ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட நாடு அது. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் முதுகில் நடந்த சீனி வியாபாரம். சீனியைத் தவிர வேறெதையும் தேடுகிறாள் என்று தோட்டக்காரர்கள் தன்னைக் கேலி செய்ததாக மேரியானே எழுதியிருக்கிறார். அவர் பரமாரிபோவில் வீடு எடுத்து, தோட்டம் வைத்து, புழு வளர்த்தார். 1700இல் ஆற்றின் மேலே லபாடியரின் தோட்டம்வரை போனார். வெக்கையும் காய்ச்சலும் அவரைத் தின்றன. இரண்டு ஆண்டு முடியுமுன், 1701 ஜூனில், நோயாளியாகத் திரும்பினார்.

அவருடைய பெரிய நூல் 1705இல், அம்ஸ்ரர்டாமில், ஒல்லாந்த மொழியிலும் இலத்தீனிலுமாக வந்தது. அறுபது படங்கள். தானே பதிப்பித்தார்; ஐம்பத்தெட்டு வயது. அதன் மறுபதிப்பு ஒன்றை நூலகத்தில் புரட்டியபோது எனக்கு ஏற்பட்டது வியப்பு அல்ல, வேறு ஒன்று. அன்னாசி, மரவள்ளி, கொய்யா, பப்பாசி, மரமுந்திரிகை, மிளகாய், வத்தாளை, பருத்தி. எங்கள் வளவு. இவற்றிற் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் எங்களுக்கு வந்தவை என்பதைப் படித்திருந்தேன். ஆனால் தன் சொந்த மண்ணில், தன் சொந்தப் புழுவோடு அவற்றைக் கண்டபோது, வேறு ஊரில் எங்கட சனத்தைச் சந்தித்ததுபோல இருந்தது. (ஒல்லாந்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஆரம்ப காலத்தில் மரவள்ளியும் உறைப்பு மிளகாயும் தேடிப்போனது சுரினாம்காரரின் கடைகளுக்குத்தான். அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.)

அம்மாவையும் ஒருநாள் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். நாற்பத்தைந்தாவது படத்தில் அம்மாவின் விரல் நின்றது.

"இது எங்கட மயிற்கொன்றை எல்லே! பிள்ளையார் கோயில் வீதியில நிக்கிறது."

அதுவேதான். சிவப்பும் மஞ்சளுமான அந்தப் பூவின் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள் என்றே இன்று தாவரவியலாளரிற் பலர் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் கீழே மேரியான் எழுதியிருப்பது பூவின் அழகைப் பற்றியல்ல. ஒல்லாந்த எசமானர்கள் வதைக்கிற அடிமைப் பெண்கள், தங்கள் பிள்ளையும் அடிமையாகக்கூடாது என்று, இதன் விதையைத் தின்று கருவைக் கலைக்கிறார்கள் என்கிறார். இறந்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்று நம்பி உயிரை மாய்த்துக்கொள்கிறவர்களும் உண்டு என்கிறார். இதைத் தனக்குச் சொன்னவர்கள் அந்தப் பெண்களே என்றும் பதிவு செய்கிறார். பூச்சிப் புத்தகம் ஒன்றில், பணக்காரர் வாங்குவதற்கென்று அச்சிட்ட ஒன்றில், இது இருக்கிறது. செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது, அந்த அறிவு வரவில்லை. ஏன் என்ற கேள்வியை வைத்து லொண்டா ஷீபிங்கர் 2004இல் ஒரு முழு நூலே எழுதினார்.

இங்கே நான் மேரியானைத் தூக்கி வைத்துவிட்டுப் போகமுடியாது. அவரும் அங்கே அடிமைகளை வைத்திருந்தார். காட்டில் வழி வெட்ட அவர்களை முன்னே அனுப்பினார். "என் அடிமை" என்ற மாதிரிப் பேச்சு நூலில் கூச்சமில்லாமல் வருகிறது. ஐம்பது வயதுக்குமேல் ஒரு பெண் தனக்கென்று ஒரு வாழ்வை உண்டாக்கிக்கொண்டாள் என்று சொல்லும்போது, அந்த வாழ்வுக்குக் கோடரி பிடித்தவர்களையும் சொல்லவேண்டும். திரும்பிவந்த கப்பலின் பயணிகள் பட்டியலில் மேரியான், மகள், அவர்களுடன் ஓர் "இந்தியப் பெண்" என்று இருக்கிறது. சுரினாமின் பூர்வீகக் குடிப்பெண். பெயர் எழுதப்படவில்லை. செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லிக்கொடுத்தவர்களில் அப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள் என்பது நூலிலேயே தெரிகிறது. நற்றலி சேமன் டேவிஸ் 1995இல் விளிம்பில் வாழ்ந்த மூன்று பெண்களைப் பற்றி எழுதிய நூலில் மேரியானும் ஒருவர். அந்த விளிம்புக்கும் வெளியே நின்றாள் இவள்.

நான் இதைச் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் குளிருக்க அவளைக் கொண்டுவந்து வைச்சு என்ன செய்தவை?"

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நூல் புகழைக் கொடுத்தது, செல்வத்தைக் கொடுக்கவில்லை. பக்கவாதம் வந்து தளர்ந்தார். 1717 ஜனவரி 13இல் இறந்தபோது அடக்கப் பதிவேட்டில் வசதியற்றவர் என்று குறித்தார்கள். அதே நாட்களில் ரஷ்யப் பேரரசர் பீற்றரின் ஆட்கள் அவருடைய மூல ஓவியங்களைப் பெருந்தொகைக்கு வாங்கினார்கள். இளைய மகள் கணவரோடு சென் பீற்றர்ஸ்பேர்க்குக்குப் போய், அங்கே ஓவியராக வாழ்ந்தார். மூத்த மகள் ஏற்கெனவே சுரினாமுக்குப் போயிருந்தார். லின்னேயஸ் மேரியானின் படங்களை ஆதாரமாகக் காட்டினார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த சில கனவான்கள், சிலந்தி குருவியைத் தின்னுகிற அவருடைய படத்தைக் காட்டி, கட்டுக்கதை என்று ஏளனம் செய்தார்கள். 1863இல் பேற்ஸ் என்ற ஆங்கிலேயர், அமேசன் காட்டில் தான் அதைக் கண்ணாற் கண்டதாக எழுதிய பிறகே வாயை மூடினார்கள். ஓர் ஆண் பார்த்துச் சாட்சி சொல்லும்வரை நூற்றைம்பது ஆண்டு.

அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை அவவால்தானே வந்தது. மயிற்கொன்றைப் படத்தின் கீழ் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா நூலக மேசையில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. பஸ்ஸில் வரும்போதுதான் வாய் திறந்தா.

"எங்கட மருத்துவிச்சி ஆச்சிக்கும் உப்பிடிக் கனக்கத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. செத்தோட எல்லாம் போச்சு."

அதன்பின் பேரனின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிற்பாட்டியவ. கடிதம் தவிர வேறு எதுவும் எழுதி நான் கண்டதில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு செடி: தூதுவளை, முசுமுசுக்கை, ஆடாதோடை, வல்லாரை, மொசுமொசுவென்று மசுக்குட்டி பிடிக்கிற முருங்கை. எங்கே முளைக்கும், எந்த மாதம் பிடுங்குவது, எதற்கு அவிப்பது, எது கூடினால் கேடு. படம் கீற வராது என்று பேரனைக் கொண்டு கீறுவிப்பா. அவன் கீறுகிற இலை பிழையென்றால் நாலு தரம் அழிப்பிப்பா. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த செய்தி வந்தபோது ஒரு கிழமை கொப்பியைத் தொடவில்லை. பிறகு எடுத்தா, முன்னையிலும் வேகமாக எழுதினா. வளவில் எந்த மூலையில் எது நின்றது என்பதையும் அதற்குப் பிறகுதான் சேர்த்து எழுதத் தொடங்கினா.

அம்மா போய்க் கனகாலம். நாலு கொப்பிகளும் என்னிடம் இருக்கின்றன. எனக்கும் இப்போது அவவின் அந்த வயது தாண்டிவிட்டது. மூன்றாவது கொப்பியில், நடுப்பக்கத்தில், மயிற்கொன்றை என்று தலைப்பு இருக்கிறது. பேரன் நிறப் பென்சிலால் கீறிய சிவப்புப் பூ. அதன் கீழே "பூ சாமிக்கு வைக்கலாம்" என்று ஒரு வரி. மிச்சப் பக்கத்தை அம்மா எழுதாமல் விட்டிருக்கிறா.