விக்கி சொன்ன நாலு வார்த்தை

விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு ஒன்றைச் சில நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "கப்" என்கிறது. சொல்கிறது என்பதைவிட, முக்கி முக்கி மூச்சைத் தள்ளுகிறது என்றால் சரியாக இருக்கும். கரகரப்பான ரகசியக் குரல்.

1947-ல் பிறந்த விக்கியை, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கீத் ஹேய்ஸும் கேத்தரின் ஹேய்ஸும் பச்சைக் குழந்தையிலேயே தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். உதடுகளைக் கையால் பிடித்து அழுத்தி "மாமா" சொல்லவைத்தார்கள். அதன்பிறகு விக்கி தானே உதட்டில் விரலை வைத்துக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொல்லும். அப்புறம் பாப்பா, கப், அப். வருஷக்கணக்கான உழைப்புக்குத் தேறியது இந்த நாலுதான்.

இதே காலத்தில், கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்பவர் சாஃபின்ச் என்ற குருவியை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இருபது கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். குஞ்சிலிருந்தே தனியாக வளர்த்தால், அது பெரிதாகி ஏதோ அரைகுறையாகத்தான் பாடியது. தன் இனத்தின் பாட்டைப் பதிவில் கேட்கவிட்டால் கற்றுக்கொண்டது. ஒலியைப் படமாக வரைந்துகாட்டும் கருவி அப்போதுதான் வந்திருந்ததால், இதைக் காகிதத்திலேயே ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. உதட்டைப் பிடித்துவிட ஆள் தேவைப்படவில்லை. கேட்டாலே போதும்.

உண்மையில் இது புதுச் செய்தியும் இல்லை. 1773-லேயே டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், லின்னெட் குருவிக் குஞ்சுகளை வானம்பாடியிடம் வளரவிட்டுப் பார்த்து, அவை வானம்பாடியின் பாட்டையே பாடின என்று எழுதிவிட்டார். (சிறுவன் மொசார்ட் லண்டன் வந்தபோது அவனைச் சோதித்து அறிக்கை எழுதியவரும் இதே ஆள்தான். காது உள்ள மனுஷர்.) டார்வின் 1871-ல் பாரிங்டனைச் சுட்டிக்காட்டி, குஞ்சுகளின் முதல் முயற்சியைக் குழந்தையின் மழலையோடு ஒப்பிட்டார்.

அப்படியிருந்தும் பேச்சின் வேரைத் தேடியவர்கள் குரங்கிடம்தான் போனார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சிம்பன்சியும் நாமும் பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகள்தான். பறவை நம்மைவிட்டுப் பிரிந்ததோ 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். சொந்தக்காரனிடம் இல்லாதது மூணாம் மனுஷனிடம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

தொண்டை அமைப்புதான் தடை என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். இன்று பல ஆய்வாளர்கள் மூளையைத்தான் காரணம் காட்டுகிறார்கள். நம் மூளையின் புறணியிலிருந்து குரல்வளையை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேரடி இணைப்பு உண்டு. சிம்பன்சியிடம் அது மிகப் பலவீனம். பாடும் பறவைகளிலோ, பாட்டுக்கென்றே இருக்கும் மூளைப் பகுதியிலிருந்து குரல் உறுப்பை இயக்கும் நரம்பணுக்களுக்கு இப்படியொரு வழி இருக்கிறது. நம்மிடமும் பறவையிடமும் தனித்தனியாக உருவான ஏற்பாடு இது.

இதை வைத்துக் குருவிதான் கெட்டிக்காரன் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாஃபின்ச் பாட்டில் "தண்ணி கொடு" என்று சொல்ல வழியில்லை. 1966-ல் நெவாடாவில் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்சிக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அது நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளைக் கற்றது. அதை மொழி என்று சொல்லலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் கேட்க அதனிடம் ஏதோ இருந்தது.

அந்த யோசனை கார்ட்னர்களுக்கு வரக் காரணங்களில் ஒன்று, விக்கியின் படங்கள்தான். சத்தம் இல்லாமல் பார்த்தாலும், அது என்ன சொல்ல வருகிறது என்பது கையசைவிலேயே புரிந்ததாம். விக்கி 1954-லேயே இறந்துவிட்டது.