ஒரு சிம் கார்டு, பல செய்திகள்: டாக்டர் ஹனீஃப் வழக்கு

ஒரே சம்பவத்தைப் பற்றி காலையில் ஒரு செய்தி, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொரு செய்தி. தீவிரவாத வழக்குகளில் இது சகஜம். படிப்பவர்களுக்குக் குழப்பம் மட்டும்தான். ஆனால் அந்தச் செய்திகளுக்கு நடுவே ஒரு மனிதன் சிறையில் இருந்தால்? 2007-ல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் முகமது ஹனீஃபுக்கு நடந்தது அதுதான்.

முதலில் சம்பவத்தைப் பார்ப்போம்.

2007 ஜூன் 29 அன்று லண்டனில் கேஸ் சிலிண்டர்களும் ஆணிகளும் நிரப்பப்பட்ட இரண்டு கார்கள் பிடிபட்டன. இரண்டுமே வெடிக்கவில்லை. மறுநாள் ஜூன் 30, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலைய வாசலில் ஒரு செரோகி ஜீப் தீப்பிடித்தபடி வந்து மோதியது. ஓட்டியவர் கஃபீல் அகமது, பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர். உடனிருந்தவர் பிலால் அப்துல்லா என்ற டாக்டர். உடல் முழுக்கத் தீக்காயம் பட்ட கஃபீல் ஆகஸ்ட் 2-ம் தேதி இறந்தார். பொதுமக்களில் யாரும் சாகவில்லை.

கஃபீலின் தம்பி சபீலும் டாக்டர்தான். அவரை லிவர்பூலில் போலீஸ் பிடித்தது. இந்த இருவருக்கும் தூரத்து உறவினர் ஹனீஃப். வயது 27. இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். ஜூலை 2-ம் தேதி இரவு பிரிஸ்பேன் விமான நிலையத்தில், இந்தியாவுக்கு விமானம் ஏற இருந்தபோது கைதானார்.

சந்தேகத்துக்கு மூன்று காரணங்கள்

ஒன்று, இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போது தன் மொபைல் சிம் கார்டை சபீலிடம் கொடுத்துவிட்டு வந்தது. இரண்டு, உறவு. மூன்று, அவர் கையில் இருந்தது ஒருவழி டிக்கெட்.

போலீஸ் விசாரிக்க வேண்டிய விஷயங்கள்தான் இவை, அதில் தவறே இல்லை. சிக்கல், விசாரித்த பிறகு கிடைத்த பதில்கள் வெளியே போன விதத்தில் இருந்தது.

ஆஸ்திரேலியச் சட்டப்படி, தீவிரவாத வழக்கில் குற்றம் சாட்டாமல் ஒருவரைக் கேள்வி கேட்பதற்கு 24 மணி நேரம்தான் வரம்பு. ஆனால் 2007-ல் அதில் ஒரு ஓட்டை இருந்தது. தகவல் சேகரிப்பது, வெளிநாட்டு நேர வித்தியாசம் போன்ற காரணங்களுக்காகச் செலவாகும் நேரம் அந்தக் கணக்கில் சேராமல் இருந்தது, மாஜிஸ்திரேட் அனுமதித்தால் போதுமாக இருந்தது. இதை வைத்து ஹனீஃபை 12 நாட்கள் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 14 அன்று, தீவிரவாத அமைப்புக்கு விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் உதவினார் என்று குற்றம் சாட்டினார்கள். அதிகபட்ச தண்டனை 15 ஆண்டுகள்.

சிம் கார்டு எங்கே இருந்தது?

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது இது: கிளாஸ்கோவில் மோதிய ஜீப்புக்குள் ஹனீஃபின் சிம் கார்டு கிடைத்தது!

இதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதை எழுதின. இந்தியத் தொலைக்காட்சிகளிலும் இதுதான் ஓடியது. நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரே சொன்னது என்பதால் பத்திரிகைக்காரர்கள் அதை நம்பியதையும் குறை சொல்ல முடியாது.

ஜூலை 16 அன்று மாஜிஸ்திரேட் ஜாக்கி பெய்ன், 10,000 டாலர் பிணையில் ஹனீஃபுக்கு ஜாமீன் கொடுத்தார். ஒரு சில மணி நேரத்திலேயே குடியேற்றத் துறை அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ், நன்னடத்தைக் காரணத்தைக் காட்டி விசாவை ரத்து செய்தார். அதாவது ஜாமீனில் வெளியே வந்தாலும் நேராகக் குடியேற்றத் துறைக் காவலுக்குத்தான் போக வேண்டும். நீதிமன்றம் திறந்த கதவை அமைச்சர் மூடிவிட்டார்.

ஜூலை 18 அன்று 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழில் ஹெட்லி தாமஸ் என்ற நிருபர், போலீஸ் ஹனீஃபை விசாரித்ததன் எழுத்துப்பதிவை வெளியிட்டார். 142 பக்கங்கள். அதைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி. ஒருவழி டிக்கெட்டுக்கு ஹனீஃப் காரணம் சொல்லவில்லை என்று போலீஸ் பிரமாணப் பத்திரம் சொன்னது. பதிவிலோ காரணம் தெளிவாக இருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. டிக்கெட் வாங்கிக் கொடுத்தது மாமனார். சிம் கார்டைக் கொடுத்தது, மீதமிருந்த இலவச நிமிடங்கள் வீணாகக் கூடாது என்பதற்காக. அது மட்டுமல்ல, தன் சிம் கார்டு பற்றிக் கேள்விப்பட்டதும் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்க நான்கு முறை முயன்றதாகவும் ஹனீஃப் சொல்லியிருந்தார்.

இந்தப் பதிவைக் கசியவிட்டது யார்? அரசு கொதித்தது. ஹனீஃபின் வழக்கறிஞர் ஸ்டீபன் கெய்ம், "நான்தான்" என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் மேல் புகார் போனது, ஆனால் ஒழுங்கு நடவடிக்கை வரவில்லை.

ஜூலை 20 அன்று ஏபிசி இன்னொரு குண்டைப் போட்டது. சிம் கார்டு ஜீப்பில் கிடைக்கவே இல்லை! அது லிவர்பூலில், சபீலிடம் இருந்து எடுக்கப்பட்டது. கிளாஸ்கோவுக்கும் லிவர்பூலுக்கும் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். வழக்கின் முக்கிய ஆதாரமே ஆட்டம் கண்டது.

பொய் ஒரு பக்கம் மட்டும் இல்லை

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை படித்ததை வைத்து, "ஹனீஃபுக்கு எதிரான செய்தி எல்லாம் பொய், ஆதரவான செய்தி எல்லாம் உண்மை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அதே வாரக் கடைசியில் இரண்டு செய்திகள் வந்தன. கோல்டு கோஸ்டில் ஒரு பெரிய கட்டடத்தைத் தகர்க்கும் சதியில் ஹனீஃபுக்குத் தொடர்பு உண்டா என்று போலீஸ் விசாரிப்பதாக ஒன்று. ஹனீஃபின் டைரியில் சந்தேக நபர்களின் பெயர்களைப் போலீஸ்காரர்களே எழுதினார்கள் என்று மற்றொன்று. முதலாவது அவரைக் குற்றவாளியாக்கும் செய்தி. இரண்டாவது போலீஸைக் குற்றவாளியாக்கும் செய்தி. மத்திய போலீஸ் தலைவர் மிக் கீல்ட்டி இரண்டையுமே மறுத்தார். இரண்டுக்கும் மூலம், பெயர் சொல்லாத "வட்டாரங்கள்".

அந்த ஒரு வாரத்தில் வந்த செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். விசாரணைப் பதிவு ஓர் ஆவணம். கேள்வியும் பதிலும் முழுதாக இருந்ததால், யார் வேண்டுமானாலும் படித்துத் தாங்களே முடிவுக்கு வரலாம். சிம் கார்டு எங்கே எடுக்கப்பட்டது என்பது சரிபார்க்கக்கூடிய ஒரு விவரம். கட்டடச் சதியோ யாராலும் சரிபார்க்க முடியாத ஒரு கிசுகிசு.

வழக்கு என்ன ஆனது?

ஜூலை 27 அன்று, அரசுத் தரப்பு வழக்குகளின் தலைமை இயக்குநர் டேமியன் பக், தவறு நடந்துவிட்டது என்று சொல்லிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். ஹனீஃப் பெங்களூர் திரும்பினார். விமான நிலையத்தில் கேமராக்களின் கூட்டம்.

அதோடு முடியவில்லை. ஜூலை 31 அன்று அமைச்சர் ஆண்ட்ரூஸ், ஹனீஃபும் அவர் தம்பியும் இணையத்தில் உரையாடியதன் ஒரு பகுதியை வெளியிட்டார். விசாவை ரத்து செய்தது சரிதான் என்று காட்டுவதற்காக. முழு உரையாடலையும் வெளியிடுங்கள் என்று ஹனீஃப் தரப்பு கேட்டது. வழக்கறிஞர் கொடுத்தது முழுப் பதிவு, அமைச்சர் கொடுத்தது சில வரிகள். இந்த வேறுபாடு முக்கியம்.

ஆகஸ்ட் 21 அன்று ஃபெடரல் நீதிமன்றம் விசா ரத்து செல்லாது என்றது. ஒருவருக்கு உறவினராகவோ தெரிந்தவராகவோ இருப்பதாலேயே நடத்தை கெட்டவராகிவிட முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

ஆட்சி மாறிய பின், ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் கிளார்க் தலைமையில் விசாரணை நடந்தது. அறிக்கை 2008 டிசம்பரில் வெளியானது. ஹனீஃபுக்கு அந்தத் தாக்குதல்களில் தொடர்பு இருந்ததற்கோ, அவை பற்றி முன்பே தெரிந்திருந்ததற்கோ ஆதாரமே இல்லை என்றது அது. உளவு அமைப்பான ஏசியோ, குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பே, ஜூலை 11 அன்று, அவரைக் குற்றத்தோடு இணைக்கும் தகவல் எதுவும் இல்லை என்று அரசுக்கு எழுதியிருந்தது! விசாரணைக்கு ஆன செலவு 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். 2010-ல் அரசு ஹனீஃபுக்கு நஷ்டஈடு கொடுத்து மன்னிப்பும் கேட்டது.

உண்மைக் குற்றவாளிகள்? பிலால் அப்துல்லாவுக்குக் குறைந்தபட்சம் 32 ஆண்டுகள் சிறை. சபீலுக்குச் சதியில் பங்கில்லை, தகவலை மறைத்தார் என்பதற்காக 18 மாதங்கள். சிம் கார்டை வாங்கிக்கொண்டவரே தீவிரவாத உதவிக்காகத் தண்டிக்கப்படவில்லை. கொடுத்தவர் மேல் 15 ஆண்டு தண்டனைக்குரிய வழக்கு!

நமக்கு என்ன பாடம்?

கிளாஸ்கோ தாக்குதல் உண்மையானது. அன்று போலீஸுக்கு இருந்த பயமும் நியாயமானது. முதல் நாள் செய்தி தவறாக இருப்பதும் இயல்புதான். அந்தத் தவறைத் திருத்த எத்தனை நாள் ஆகிறது, அதுவரை யார் உள்ளே கிடக்கிறார் என்பதுதான் கேள்வி.

சிம் கார்டு ஜீப்பில் இல்லை என்று நீதிமன்றத்துக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வழக்கு தொடுத்தவர்கள்தான். ஆனால் பொதுமக்கள் அதை ஒரு நிருபர் வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். தவறான செய்தியைப் பரப்பியதும் ஊடகம், அதை உடைத்ததும் ஊடகம். ஹெட்லி தாமஸுக்கு அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பத்திரிகைத் துறையின் உயரிய விருதான கோல்டு வாக்லி கிடைத்தது.

அடுத்த முறை ஏதாவது ஒரு தாக்குதலுக்குப் பின் டி.வி.யில் "கிடைத்தது", "சிக்கியது" என்று எழுத்துக்கள் ஓடும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதைச் சொன்னது யார்? அவருக்கு இதனால் என்ன லாபம்? எங்கே கிடைத்தது என்று வேறு யாராவது சரிபார்த்தார்களா?

ஹனீஃப் வழக்கில் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த ஒரே வாரத்தில் வழக்கே இல்லாமல் போனது.