துரத்தப்பட்டவர்கள் நீட்டிய கரம்

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டுமாக.



சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியின் கீழ் நிற்பவரை, எந்த மதத்தார் என்று எவரும் கேட்பதில்லை. அந்நீர் சிற்றாறாகித் தென்காசிக்கு வரும்போதும் எல்லார் வயலிலும் ஒன்றுபோலவே பாய்கிறது. அத்தகைய தென்காசியிலேயே 2006 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில் கொலையும் பதில் கொலையும் நிகழ்ந்தன. இரு சமூகத்திலும் தாய்மார்கள் பிள்ளைகளை இழந்தனர். ஊரின் அமைதி குலையும்போது அதன் சுமை முதலில் இறங்குவது வீட்டுப் பெண்ணின் தலையில்தான். ஆயினும் அமைதி பேசக் கூடும் அவைகளில் அவளுக்கு இடம் அரிதாகவே கிடைக்கிறது. இது முறைதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்போம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியில் அமைக்கப்பட்ட ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்தே பராமரிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை கையெழுத்தானபோது தோழர்களின் உள்ளம் கனத்திருந்தது. குர்பானி கொடுக்கும்படி நபியவர்கள் பணித்தும் ஒருவரும் எழவில்லை. அப்போது உம்மு ஸலமா (ரலி) அவர்கள், எவரிடமும் எதுவும் பேசாமல் சென்று தாங்களே முதலில் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு ஆலோசனை கூறினார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்ய, தோழர்கள் அனைவரும் பின்தொடர்ந்தனர். காயத்துக்கு மருந்திட்டவரும் ஒரு பெண். சமாதானம் சிதையாமல் காத்த ஆலோசனையும் ஒரு பெண்ணுடையது.

இனி, நம் மொழி பேசும் மக்களிடையே, நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். இராமேசுவரத்தின் எதிர்க்கரையில் இருப்பது இலங்கையின் மன்னார். அங்கும் யாழ்ப்பாணத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அண்டை அயலாராய் வாழ்ந்தவர்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற ஆணையிட்டனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வீடும் நிலமும் உடைமையும் இழந்து அகதிகளானார்கள். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகு வேய்ந்த கொட்டில்களில் தங்கினார்கள். தம் சொந்த வீட்டில் சமைத்த பெண்கள் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிகளானார்கள்.

இந்நிலையில் உள்ளத்தில் வெறுப்பு வளர்வது இயல்பே. ஆனால் அவ்வெளியேற்றத்தில் மன்னாரை இழந்த பெண்களுள் ஒருவரான ஷிரீன் சரூர், 1998ஆம் ஆண்டு மன்னார்ப் பெண்கள் அபிவிருத்திக் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதில் முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இணைந்தனர். ஒரு சாரார் துரத்தப்பட்டவர்கள். மறு சாராரிலோ போரில் கணவரையும் மகனையும் பறிகொடுத்தவர்கள் இருந்தனர். சிறு சேமிப்பு, சிறு கடன், சுயதொழில் என்று தொடங்கிய பழக்கம், ஒருவர் துயரை மற்றவர் கேட்கும் நிலைக்கு வளர்ந்தது. தனக்குத் தீங்கிழைத்தது துப்பாக்கியே, எதிரில் அமர்ந்திருக்கும் சகோதரியல்லள் என்பதை இரு தரப்பாரும் உணர்ந்தனர். போர் ஓயாத காலத்தில் இது எளிய செயலன்று.

பெண்களை அமைதி முயற்சிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் 1325ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றியது 2000 அக்டோபர் 31 அன்று. யாழ்ப்பாண வெளியேற்றத்திலிருந்து எண்ணினால் பத்தாண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. மன்னார்ப் பெண்களோ அதற்கு இரண்டாண்டு முன்பே பணியைத் தொடங்கிவிட்டார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்தது. பேச்சுவார்த்தையின் ஓர் அங்கமாக இரு தரப்பிலும் ஐந்து ஐந்து பெண்கள் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டு, 2003இல் கிளிநொச்சியில் கூடியது. அவ்வாண்டு ஏப்ரலில் பேச்சு முறிந்ததும் அக்குழுவின் பணியும் நின்றுபோயிற்று. மேலிருந்து அமைத்தது மேலே முறிந்ததும் ஓய்ந்தது. கிராமத்தில் பெண்கள் தாமே தொடங்கிய பணி அவ்வாறு ஓயவில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பிலும் பெண்கள் அமைப்புகள் ஒரு கூட்டணியாக இணைந்து, முகாம்களில் பெண்கள் படும் இன்னல்களை எடுத்துரைத்தன. குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் மட்டும் உதவி எழுதப்பட்டால், அது பல வீடுகளில் அடுப்படி வரை வந்து சேர்வதில்லை. இதை அறிந்து சொல்ல முகாமுக்குள் வாழும் பெண்ணை விடத் தகுதியுடையவர் யார்?

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. முஸ்லிம்கள் மன்னாருக்குத் திரும்பத் தொடங்கியபோது நிலம், குடியிருப்பு குறித்த பூசல்கள் எழுந்தன. பல குடும்பங்கள் புத்தளத்திலேயே தங்கிவிட்டன. பெண்களின் பணி எல்லாக் காயங்களையும் ஆற்றிவிட்டது என்று கூறுவதற்கில்லை. எனினும் திரும்பிச் சென்றவர்களுக்கு அங்கே முகமறிந்த சிலரேனும் இருந்தார்கள் என்றால், அதில் இப்பெண்களுக்குப் பங்குண்டு.

பெருமக்களே! 2023 டிசம்பர் பெருமழையில் நம் தென்மாவட்டங்கள் நான்கும் தத்தளித்ததை மறக்க இயலாது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எங்கே கர்ப்பிணி தனித்திருக்கிறாள், எந்த முதியவருக்கு மருந்து தீர்ந்தது என்பதைத் தெருப் பெண்கள் அறிவார்கள். ஆகவே மஹல்லாவின் நிவாரணக் குழுவில் அவர்களுக்கு இடமளிப்போம். உதவிப் பட்டியலில் அடுத்த தெருப் பிற சமயத்து வீடுகளையும் சேர்ப்போம். பூசல் வருமுன்பே இரு தெருத் தாய்மார்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கத்தை வளர்ப்போம். எரியும் நாளில் தேடினால் அந்த உறவு கிடைக்காது.

அநீதிக்கு ஆளானபோதும் அயலாரிடம் நீதி தவறாத நன்மக்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.