அறுபடாத நிலக்கீற்று: அமெரிக்கப் புறநகர்ப் பாதைகளின் வரலாறு

பூங்கா அமைக்க ஓரிடத்தில் போதிய நிலம் கிடைத்தால் போதும். ஊர்களை இணைக்கும் நடைபாதைக்கோ, அகலம் சில அடிகளே ஆனாலும், நெடுந்தொலைவுக்கு அறுபடாமல் செல்லும் நிலம் வேண்டும் என்பதால், வழியிலுள்ள உரிமையாளர்களில் ஒருவர் மறுத்தாலும் மற்ற அனைவரின் இசைவும் பயனற்றுப் போகிறது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் புறநகர்கள் இச்சிக்கலை எதிர்கொண்ட விதத்தைப் பார்க்கும்போது, பாதைகளின் போக்கைத் திட்ட வரைபடங்களைக் காட்டிலும் நில உரிமைப் பத்திரங்களே பெரிதும் தீர்மானித்தன என்பது தெரியவருகிறது. சிகாகோ நகருக்கு மேற்கே உள்ள டுபேஜ் கவுண்டி இதற்குத் தெளிவான சான்று.

இல்லினாய் மாநிலம் 1913இல் இயற்றிய சட்டம், வரி விதித்து நிலம் வாங்கும் அதிகாரம் கொண்ட வனக்காப்பு மாவட்டங்கள் என்னும் தனி அமைப்புகளை உருவாக்க வழிவகுத்தது. டுபேஜ் கவுண்டியின் வனக்காப்பு மாவட்டம் 1915இல் தோன்றியது. காடுகளையும் ஆற்றோரங்களையும் தொகுதி தொகுதியாக வாங்கிக் காப்பதற்கு இந்த ஏற்பாடு பொருத்தமாக இருந்தது. ஆனால் அத்தொகுதிகளுக்கு இடையே வயல்களும் மனைப்பிரிவுகளும் பரவியிருந்தமையால், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைக்கான நிலத்தை அதே முறையில் திரட்டுவது அரிதாக இருந்தது.

அந்த நிலம் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. சிகாகோவையும் மேற்குப் புறநகர்களையும் இணைத்த சிகாகோ அரோரா அண்டு எல்ஜின் மின்சார ரயில் 1902இல் ஓடத் தொடங்கி, வீட்டன் என்னும் ஊரில் கிளை பிரிந்து அரோராவுக்கும் எல்ஜினுக்கும் சென்றது. சிகாகோவில் விரைவுச்சாலை கட்டும் பணிக்காக 1953 முதல் இந்த ரயில் நகரின் மையத்துக்குச் செல்ல முடியாமல் ஃபாரஸ்ட் பார்க்கிலேயே நின்றுவிட, அங்கு வண்டி மாற வேண்டியிருந்த பயணிகள் பலர் விலகிச் சென்றனர். 1957 ஜூலை 3 அன்று நண்பகலில் பயணிகள் சேவை திடீரென நிறுத்தப்பட்டதால், காலையில் அதே ரயிலில் வேலைக்குச் சென்றவர்கள் மாலையில் வீடு திரும்ப வேறு வழி தேட நேர்ந்தது. சரக்குப் போக்குவரத்தும் 1959இல் முடிவுற்று, 1961இல் தடம் முறைப்படி கைவிடப்பட்டது. வயல்வெளியாக இருந்த காலத்தில் ஒரு நிறுவனம் துண்டு துண்டாகச் சேர்த்துத் தொடுத்த அந்த நிலக்கீற்று, வீடுகள் நெருங்கிவிட்ட 1960களில் எவராலும் புதிதாகத் திரட்ட முடியாத சொத்தாகியிருந்தது.

மார்ட்டன் தாவரப் பூங்காவில் பணியாற்றிய இயற்கையியலாளர் மே தீல்கார்டு வாட்ஸ் இதை உணர்ந்து, 1963 செப்டம்பரில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், தடம் கூறுபோடப்படுவதற்கு முன்பே அதைப் பொது நடைபாதையாக்க வேண்டும் என்று வேண்டினார். அதன் விளைவாக 1965இல் இல்லினாய் பிரெய்ரி பாத் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது. ரயில் தடத்தின் நிலத்தை வாங்கிய கவுண்டி நிர்வாகம், 1966இல் ஏறத்தாழ 27 மைல் நீளத்தை அந்த அமைப்புக்குக் குத்தகைக்கு விட, தன்னார்வலர்கள் அதைத் துப்புரவாக்கிப் பராமரித்தனர். நிலம் வாங்கும் பொறுப்பை அரசும் பேணும் பொறுப்பைக் குடிமக்களும் ஏற்ற இந்தப் பாதை, 1971இல் தேசியப் பொழுதுபோக்குப் பாதையாக அறிவிக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 61 மைல் நீளத்துக்கு வளர்ந்துள்ளது.

இருப்பினும் எல்லா ரயில் தடங்களையும் இவ்வாறு விலைக்கு வாங்க இயலவில்லை. ரயில் நிறுவனங்கள் பல இடங்களில் நிலத்தைச் சொந்தமாகப் பெறாமல், பிறர் நிலத்தின் மீது தடம் அமைத்துக்கொள்ளும் வழியுரிமையை மட்டுமே பெற்றிருந்தன. தடம் கைவிடப்பட்டதும் அவ்வுரிமை அற்றுப்போக, நிலம் அண்டை உரிமையாளரின் முழு அனுபவத்துக்குத் திரும்பிவிடும். இதைத் தடுக்க, எதிர்காலத்தில் ரயில் மீண்டும் ஓடக்கூடும் என்ற அடிப்படையில், இடைக்காலத்தில் பாதையாகப் பயன்படும் தடத்தைக் கைவிடப்படாததாகவே கருதும் விதியை அமெரிக்க நாடாளுமன்றம் 1983இல் இயற்றியது. தங்களுக்குத் திரும்ப வேண்டிய நிலம் பறிபோவதாக வெர்மான்ட் மாநில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990இல் இவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்ததோடு, இழப்பீடு கோரி மத்திய அரசின் மீது தனியே வழக்குத் தொடுக்கும் வழி உண்டு என்றும் சுட்டிக்காட்டியது.

விலையும் இன்றி, பழைய தடமும் இன்றி நிலம் பெற உள்ளாட்சிகள் கையாண்ட மூன்றாவது வழி, கட்டட அனுமதிக்கு நிபந்தனையாக நிலத்தைக் கேட்பது. ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டின் புறநகரான டைகார்டு, தன் கடையை விரிவாக்கவும் வாகன நிறுத்துமிடத்துக்குத் தளம் போடவும் விண்ணப்பித்த டோலன் என்பவரிடம், ஃபேனோ ஓடையின் வெள்ளம் பரவும் பகுதியையும், அதை ஒட்டி நடையர்க்கும் மிதிவண்டிகளுக்கும் 15 அடி அகலக் கீற்றையும், ஆக மொத்தம் மனையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு அளிக்கும்படி கோரியது. நிபந்தனைக்கும் கட்டுமானத்தால் விளையும் பாதிப்புக்கும் அடிப்படைத் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1987இல் நோலன் வழக்கில் விதித்திருந்த உச்ச நீதிமன்றம், 1994இல் டோலன் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கேட்கப்படும் நிலத்தின் அளவும் அப்பாதிப்புக்குத் தோராயமாகவேனும் ஈடாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக் கூறியது. பாதை அமைந்தால் கூடுதல் வாகன நெரிசலில் ஒரு பகுதி குறையக்கூடும் என்ற பொதுவான வாதம் போதாது என்றும், ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே நிறுவும் கடமை நகரத்தையே சாரும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது.

இம்மூன்று வழிகளையும் ஒருசேர நோக்கினால், பாதைக்கான நிலம் எந்நாளும் இலவசமாக வந்ததில்லை என்பதும், அதன் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பதே வழிக்கு வழி மாறியது என்பதும் புலனாகும். டுபேஜில் அதைக் கவுண்டியின் பொதுப்பணம் சுமந்தது; வெர்மான்ட்டில் அது அண்டை உரிமையாளர்மீது விழுந்து, இழப்பீட்டுக் கோரிக்கையாக மத்தியக் கருவூலத்தை நோக்கித் திரும்பியது; டைகார்டில் தனியொரு கடைக்காரர்மீது ஏற்ற முயன்றபோது நீதிமன்றம் வரம்பு கட்டியது. ஆகவே ஓர் ஊர் வயலாக இருக்கும்போதே அறுபடாத கீற்றைப் பொதுவுடைமையாக ஒதுக்கி வைப்பது, மனைகள் பிரிந்த பின்பு அதை மீட்பதைவிட மலிவானது மட்டுமன்றி, எவரிடமும் அளவுக்கு மீறிப் பெறாத நேர்மையான வழியுமாகும்.